பத்து மடங்கு லென்ஸும் என் மூக்கு நுனியும்

பொருள்: பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், மூன்று கண்ணாடி ஒட்டியது. விலை: 1,150 ரூபாய். வாங்கிய இடம்: கோயம்புத்தூரில் பொற்கொல்லர் கருவிகள் விற்கும் கடை. பயன்படுத்திய காலம்: இரண்டு ஆண்டு நான்கு மாதம். சேதாரம்: ஒரு திருகு, ஒரு மூக்கு.

மூக்கு விவகாரம் கோத்தகிரிச் சாலையில் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். நகை மதிப்பீட்டாளர் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் நாட்டு மருந்துக் கடைக்காரிக்கு எதற்கு என்று என் தம்பியே கேட்டான். நீங்களும் கேட்பீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் அப்பா விட்டுப்போன கடையை நடத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தே சொல்லிவிடக்கூடிய சரக்கு பாதி: சுக்கு, திப்பிலி, வசம்பு, கோஷ்டம். மீதிப் பாதி வேர். காய்ந்து, ஒடிந்து, மண்ணோடு சாக்கில் வந்து இறங்கும்போது எல்லா வேரும் பங்காளிகளைப்போல ஒரே முகமாக இருக்கும். 2020இல் ஊரே கபசுரக் குடிநீர் குடித்ததே, அதில் சேரும் பதினைந்து சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. சிறுகாஞ்சொறி வேறு எதுவும் இல்லை. வேலியோரம் காலில் பட்டால் ஆளைத் துள்ளவைக்கும் செந்தட்டிதான். அதுவரை ஆண்டு முழுவதும் ஒரு கிலோ போனால் பெரிது. அந்தக் கோடையில் நாளுக்கு நாலு பேர் கேட்டார்கள். கேட்பவர் பெருகினால் சரக்கும் எங்கிருந்தோ பெருகும். வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரு சாக்கு இறக்கினார். அடியில் வேரோடு சிக்கிக் கிடந்த இரண்டு காய்ந்த தண்டுகளை எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்த கதிர், கதிர் நெடுகக் கிண்ணம் கிண்ணமாகச் செதில். குப்பைமேனி.

“எல்லாம் ஒரே குடும்பம்தானம்மா” என்றார் அவர். குடும்பம் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஆனால் பெண்ணைப் பேசி முடித்துவிட்டு மணவறையில் அவள் சித்தப்பா மகளை உட்காரவைத்தால் ஒப்புக்கொள்வோமா? சாக்கு திரும்பிப் போனது. தண்டு இரண்டும் சிக்கியிருக்காவிட்டால் நான் ஏமாந்திருப்பேன் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

லென்ஸ் தேட ஆரம்பித்தது அப்படித்தான். முதலில் வாங்கியது இதை அல்ல. இணையத்தில் 180 ரூபாய்க்கு ஒன்று வந்தது. உறையில் ‘40×’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. நாற்பது மடங்கு என்றால் எறும்பின் மீசையை எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். வெயிலில் பிடித்து, காகிதத்தில் ஒளிப்புள்ளி சிறுத்து விழும் தூரத்தை அளந்தால் லென்ஸின் உண்மை தெரிந்துவிடும். 250 மில்லிமீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் மடங்கு. என் நாற்பதுக்குப் புள்ளி 35 மில்லிமீட்டரில் விழுந்தது. வகுத்தால் ஏழு. நாற்பது உண்மையாக இருந்திருந்தால் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டரிலேயே விழுந்திருக்க வேண்டும். அந்த ஏழு மடங்கையாவது ஒழுங்காகக் காட்டியதா? கட்டம் போட்ட காகிதத்தை அடியில் வைத்தேன். நடுவில் நேராக இருந்த கோடுகள் ஓரத்துக்குப் போகப்போக வயிறு தள்ளி வளைந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் நீலத்திலும் மஞ்சளிலும் கரை கட்டியிருந்தது. சேலைக்குக் கரை அழகு. இலை நரம்புக்கு வேண்டாம்.

கோயம்புத்தூர் கடைக்காரர் லென்ஸை விற்பதற்கு முன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்வதால் நிறக்கரை அடங்கிவிடும், கோடு ஓரம் வரை நேராக நிற்கும் என்றார். நின்றது. குறுக்களவு 18 மில்லிமீட்டர். உறையிலிருந்து பக்கவாட்டில் சுழன்று வெளியே வரும். சுருக்குப்பையில் சில்லறையோடு கிடந்தாலும் கண்ணாடியில் கீறல் விழுவதில்லை.

பயன்படுத்தும் முறையைத் தெரியாமல் பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். துப்பறிகிறவரைப்போல லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து இலைமேல் ஓட்டக் கூடாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, இலையைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் இலை தெளிவாகத் தெரிவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது செந்தட்டி. காரமடைப் பக்கத்திலிருந்து எனக்கு மூலிகை கொண்டுவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வேலிகளில் செந்தட்டி தழைக்கும்போது அவர் வருகை தொடங்கும். வேரை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த நான், “இனிமேல் தண்டும் இலையும் காயும் வேரோடு ஒட்டியே வரவேண்டும்” என்று சொன்னதும் அவருக்கு வருத்தம். “நாற்பது வருசமாகக் கொண்டுவருகிறேனுங்க அம்மிணி, என்மேல் சந்தேகமா?” என்றார். “உங்கள்மேல் இல்லை ஐயா, என் கண்மேல்” என்று சமாளித்தேன்.

அவருக்கு லென்ஸ் வேண்டாம். பத்தடி தூரத்திலிருந்தே சொல்வார், ஏனென்றால் செந்தட்டி கொடி. தானாக நிற்காது, பக்கத்திலிருக்கும் எதையாவது சுற்றிக்கொண்டு ஏறும். குப்பைமேனி தன் காலில் நிற்கும் செடி. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் சாக்கில் அறுத்துப் போட்ட துண்டுகளில் எது ஏறியது, எது நின்றது என்று எப்படிச் சொல்வது? இரண்டுக்கும் இலை மாறிமாறித்தான் வரும். இரண்டுக்கும் இலை விளிம்பு ரம்பப்பல். இரண்டிலும் நரம்புகள் இலையின் அடியிலிருந்தே பிரியும். கிள்ளிப் பார்த்தாலும் பயனில்லை. இரண்டும் ஆமணக்குக் குடும்பம், இரண்டிலும் பால் வராது. அதே குடும்பத்தில் அம்மான்பச்சரிசியைக் கிள்ளினால் பால் சொட்டும் என்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.

லென்ஸ் சம்பாதிப்பது காயிலும் கதிரிலும்தான். செந்தட்டியின் காய் பட்டாணிக்கும் சின்னது. மூன்று புடைப்பாகத் திரண்டிருக்கும். ஆமணக்குக் காயின் பேரப்பிள்ளை என்று பார்த்தவுடன் தெரியும், உள்ளே மூன்று விதை. வெறுங்கண்ணுக்கு அதைச் சுற்றி ஏதோ பச்சைக் குஞ்சம் கட்டினாற்போல் தோன்றும். பத்து மடங்கில் பார்த்தால் அது குஞ்சம் இல்லை. ஆறு புல்லியிதழ்கள், ஒவ்வொன்றும் இருபக்கமும் பல் வைத்த ஈர்க்குச்சி சீப்பு மாதிரி கிழிந்து விரிந்திருக்கும். ஒவ்வொரு பல்லின்மேலும் வெள்ளை வெள்ளையாகச் சுணை சிலிர்த்து நிற்கும். நட்சத்திரம் ஒன்று பேன்சீப்புகளால் செய்யப்பட்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. முதல் தடவை பார்த்தபோது கல்லாவில் நின்றவருக்குச் சில்லறை தர மறந்துவிட்டேன். இதன் தாவரப் பெயரில் வரும் ‘இன்வலூகிரேட்டா’ என்ற சொல்லுக்கு உறை சூழ்ந்தது என்று பொருள். பெயர் வைத்தவர் பார்த்ததையே நானும் கல்லாப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிரின் மேற்பகுதியில் ஆண்பூ, அடியில் பெண்பூ. ஆண்பூ கடுகை விடச் சிறிது. மூன்று இதழ், மூன்று மகரந்தத்தாள். இதை எண்ணுவதற்குக் கை நடுங்கக் கூடாது. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

குப்பைமேனிக் கதிரை அடுத்து வைத்தால் சந்தேகமே வராது. பெண்பூ ஒவ்வொன்றும் பல் வைத்த பச்சைக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் என்பது பூவடிச் செதில். கதிரின் உச்சியில் மட்டும், மற்றதோடு சேராத ஒரு விசித்திரப் பூ, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இரு பக்கம் கை நீட்டிக்கொண்டு நிற்கும். சுணை கிடையாது, தாராளமாகத் தொடலாம். லென்ஸ் வாங்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குப்பைமேனியைப் பச்சையாக வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடிவந்து அதன்மேல் புரளும். எங்கள் கடைப் பூனை இந்தச் சோதனையில் இதுவரை தோற்றதில்லை. காய்ந்த சரக்கு என்றால் அதுவும் கையை விரித்துவிடுகிறது.

செந்தட்டியிலேயே இலை மூன்றாகப் பிளந்த உறவினர் ஒன்றும் நம் பக்கத்து வேலிகளில் படரும். சுணையும் மூன்று புடைப்புக் காயும் அதற்கும் உண்டு. பெரியவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுவருவார். நான் பிரித்து வைப்பேன். எங்களுக்குள் இது தீராத வழக்கு.

சரி, கோத்தகிரி.

போன ஆண்டு ஆனி மாதம் தம்பியோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் ஓர் ஓடைப்பாலத்தின் பக்கம் வண்டி நின்றது. சரிவில் ஆள் உயரத்துக்குச் செடிகள். இலை ஒவ்வொன்றும் விரித்த கையைவிடப் பெரிது. விரல் விரலாகப் பிளந்து, ஓரமெல்லாம் ரம்பம். “அக்கா, அது காஞ்சொறி, கிட்டே போகாதே” என்றான் தம்பி. “தெரியும்டா, நான் கடை வைத்திருக்கிறேன்” என்றேன். அறிவாளிக்கு அழகு அந்த இடத்தோடு நிறுத்துவது.

இது செந்தட்டியின் சொந்தமே இல்லை. சமவெளிச் செந்தட்டி ஆமணக்குக் குடும்பம். மலைக் காஞ்சொறி அர்டிகேசி குடும்பம், ஐரோப்பியர்கள் நெட்டில் என்று சொல்லும் செடியின் உண்மையான சகோதரம். தாவரவியலில் ஜிரார்டினியா. நீலகிரி நெட்டில் என்றே பழைய ஆங்கிலேயர் எழுதினார்கள். நேபாளத்தில் இதே செடியை அல்லோ என்கிறார்கள், பட்டையிலிருந்து நார் எடுத்துத் துணி நெய்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே மாதிரி ஆயுதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டன என்பதால், அரித்தது என்பதை மட்டும் வைத்துச் செடியின் பெயரைச் சொல்ல முடியாது. பூனைக்காலிக் காயும்தான் அரிக்கிறது. அது அவரைக் குடும்பம்.

மலைக் காஞ்சொறிக்குக் காய் பார்க்கத் தேவையில்லை, கணுவைப் பார்க்க வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில், காம்புக்கும் தண்டுக்கும் இடையில், பெரிதாக ஒரு செதில் ஒட்டியிருக்கும். இலையடிச் செதில்கள் இரண்டு சேர்ந்து ஒன்றானது அது. நுனியில் மட்டும் இரண்டாகப் பிளந்து தான் இரட்டை என்று காட்டிக்கொடுக்கும். இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி வரும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் போதும். நான் பார்த்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்து, குனிந்து, இரண்டரை சென்டிமீட்டர் வரை போனேன். கண் இரண்டரை சென்டிமீட்டரில் இருந்தால் மூக்கு எங்கே இருக்கும் என்று லென்ஸ் செய்தவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிளவுபட்ட செதிலும், தண்டில் அரை சென்டிமீட்டரையும் தாண்டி நீண்டு கண்ணாடி ஊசிகளாக மின்னிய சுணைகளும் அத்தனை துல்லியமாகத் தெரிந்தன. ஒவ்வோர் ஊசியும் தனியாக ஒரு பச்சை மேட்டின்மேல் ஏறி நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வளைவில் திரும்பியது. காற்றில் செடி ஆடியது.

நெருப்புக்குச்சியை அணைத்துவிட்டு அந்தச் சூட்டோடு மூக்கில் வைத்தது போல என்று சொன்னால் பாதி சொன்னதாக ஆகும். மூக்கு நுனியும் மேலுதடும். தேய்க்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. கைப்பையில் விலைச்சீட்டு ஒட்டும் டேப் இருந்தது; ஒட்டி ஒட்டி உரித்தெடுத்தேன், உடைந்த சுணை அதில் வந்துவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தடிப்புத் தடிப்பாக வீங்கியது. மருத்துவர்கள் காணாக்கடிக்கு அர்டிகேரியா என்று பெயர் வைத்ததே நெட்டிலின் லத்தீன் பெயரான அர்டிகாவிலிருந்துதான். அன்று அந்தச் சொல்லுக்கு என் முகமே படம் போட்ட உரை. கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை, “பல்வலியா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எரிச்சல் இரவு வரை இருந்தது.

என்னைவிடப் பெரிய ஆட்கள் பட்டிருக்கிறார்கள் என்பது ஆறுதல். புதுச்சேரியில் தாவரத் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் லெஷனோ, நீலகிரியிலும் ஏறித் திரிந்தவர். இந்த மலைக் காஞ்சொறிக்கு முன்பு அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள். கல்கத்தாத் தோட்டத்தில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு செடியில் அவர் இடக்கை பட்டுவிட்டது. முதலில் லேசான அரிப்புத்தான். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தேய்ப்பது போல ஆனது. தாடை இறுகி, வாய்ப்பூட்டு நோயே வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். வலி முற்றிலும் போக ஒன்பது நாள். எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

லென்ஸின் எல்லையையும் சொல்ல வேண்டும். சுணை எப்படிக் குத்துகிறது என்பதைப் பத்து மடங்கில் பார்க்க முடியாது. மலைக் காஞ்சொறியிலும் ஐரோப்பிய நெட்டிலிலும் ஊசியின் நுனியில் கடுகிலும் மிகச் சிறிய ஒரு குமிழ் உண்டு. நுனி மணற்சத்தான சிலிக்காவால் இறுகியது. தோல் பட்டதும் குமிழ் சாய்வாக ஒடிந்து, மிஞ்சியது மருத்துவமனை ஊசி முனையாகிவிடும். அடியிலுள்ள பை அழுந்தி நீரை உள்ளே செலுத்தும். 1665லேயே ராபர்ட் ஹூக் நுண்நோக்கியில் பார்த்து எழுதிவிட்டார். அந்த நீரில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதை 1947இல் கண்டார்கள். பள்ளியில் நாம் படித்த எறும்பு அமிலத்தோடு கதை முடியவில்லை. செந்தட்டியின் ஆயுதம் வேறு ரகம். அதில் குமிழ் இல்லை. சுணையின் நடுச்செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்தான ஒரே ஒரு நீளப் படிகம், அம்பு மாதிரி. தோலைக் கிழிப்பது அது. இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் மகனின் கல்லூரி நுண்நோக்கிக்குத்தான் போக வேண்டும். என் லென்ஸில் இரண்டும் கண்ணாடி ஊசிதான்.

வெறும் வேரையும் இந்த லென்ஸ் சொல்லாது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம். அதனால்தான் தண்டோடு கொண்டுவரச் சொல்கிறேன்.

மூன்றாவது சோதனை எதிர்பாராமல் நடந்தது. மகளின் பேறுகாலத்துக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் மூன்று மாதம் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி வைக்கும் இடத்தில், இடுப்பளவு, நெட்டில் காடு. பிரென்நெஸ்ஸெல், எரியும் நெட்டில். அதற்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இலை வைத்த இன்னொரு செடி, டௌப்நெஸ்ஸெல். ‘டௌப்’ என்றால் செவிடு, மரத்தது. தொட்டால் ஒன்றும் செய்யாது. இரண்டிலும் இலை எதிரெதிராக வரும், அடுத்த ஜோடி குறுக்காக. இரண்டிலும் தண்டு நாற்சதுரம். பூவைப் பார்த்தால் குழந்தையும் சொல்லிவிடும். மரத்த செடியில் வெள்ளையாக உதடு வைத்த பூ, நம் தும்பைக்கு நெருங்கிய உறவு. உண்மை நெட்டிலில் இதழே இல்லை, கணுவிலிருந்து பச்சை நூல் தொங்கும். ஆனால் மே மாதத் தொடக்கத்தில் நெட்டிலில் அந்த நூலும் இல்லை. அப்போது லென்ஸ் கணுவுக்குத்தான் போக வேண்டும். நெட்டிலின் ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய பச்சைத் துரும்பாக நான்கு இலையடிச் செதில்கள் இருக்கும், இலைக்கு இரண்டு வீதம். மரத்த செடியில் அந்த இடம் மொட்டை. இந்தத் தடவை சாமணத்தால் கிள்ளியெடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்து, சமையலறை மேசையில் பார்த்தேன். மூக்குக்குப் பட்ட பாடம் வீணாகவில்லை.

ஜூனில் பூத்தபோது இன்னொன்று பார்த்தேன். நெட்டிலில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண்பூவின் மகரந்தத்தாள் நான்கும் மொட்டுக்குள் உள்நோக்கி மடிந்து, இழுத்துக் கட்டிய வில் மாதிரி இருக்கும். காலை வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக விடுபட்டு வெளியே தெறிக்கும், தெறிக்கும்போது ஊதுபத்தி அளவுக்கு ஒரு தூசிப்புகை. சாமணத்தில் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு லென்ஸுக்குள் இருபது நிமிடம் நின்றேன். பேரன் அழுதது காதில் விழவில்லை என்று மகளுக்குக் கோபம். பூப்பதற்கு முன்பே கொழுந்தைப் பறித்துப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து அவளைச் சமாதானப்படுத்தியிருந்தேன் என்பதால் அடுப்படியில் எனக்கு இடம் தப்பியது. கொதித்ததும் சுணை செத்துவிடும். முருங்கைக்கீரைக்கும் பசலைக்கும் நடுவில் ஒரு ருசி. பூத்தபின் இலையில் சுண்ணாம்பு மணிகள் கூடி நறநறக்கும், பறிக்காதீர்கள்.

குறைகள். உறையைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்கிறது. ஒன்று தொலைந்தே போனது, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் இருபது ரூபாய்க்கு வேறு போட்டுக் கொடுத்தார். கயிறு கோக்க ஓட்டை இல்லை, வயலில் விழுந்தால் தேட வேண்டும். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து, மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கிறேன்; இதுவரை தப்பியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பார்வைப் பரப்பு நாலணா அளவுக்குச் சுருங்கிவிடும். கைபேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்றையும் தம்பி வாங்கிக் கொடுத்தான். படம் எடுத்துப் பேத்தி பேரனுக்கு அனுப்ப நல்லது. செடியின் பெயர் சொல்லும் செயலி ஒன்று அந்தப் படத்தைப் பார்த்து, மலைக் காஞ்சொறியைச் செம்பருத்தி என்றது. இலை பிளவைப் பார்த்து முடிவு கட்டியிருக்கும், கணுவைப் பார்க்கவில்லை.

வாங்கலாமா? மேசையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, தயங்காமல் வாங்கலாம். 1,150 ரூபாய் ஒரு சாக்குக் கலப்பட வேரில் போகும் பணத்துக்குக் கால்வாசிகூட இல்லை. ஆனால் வேலியோரமும் மலைச்சரிவிலும் செடியை நின்ற நிலையில் பார்ப்பவர்கள் ஐந்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள். ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். செதில் தெரியும், காய் தெரியும், பல் வைத்த புல்லியிதழும் ஓரளவு தெரியும். மடங்கு கூடக்கூடச் செடி நம் முகத்துக்கு நெருங்கி வருகிறது என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. நான் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். இருபது மடங்கும் கிடைக்கிறது என்றார்கள். ஒன்றேகால் சென்டிமீட்டரில் நெட்டில் பார்க்கத் துணிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

போன மாதம் பெரியவர் வந்தபோது அவரையும் பார்க்கச் சொன்னேன். செந்தட்டிக் காயைச் சாமணத்தில் பிடித்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சாமணத்தைத் தள்ளிவிட்டு வெறும் விரலால் வாங்கிக்கொண்டார். அந்த விரல்களில் சுணை ஏறாது, அவ்வளவு காய்ப்பு. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காயைக் கீழே வைத்துவிட்டு, அதே லென்ஸில் தன் கட்டைவிரலைப் பார்த்தார். ரேகை நடுவில் வெள்ளையாக ஒடிந்த சுணைகள் நாலைந்து நின்றிருக்க வேண்டும்.

“இத்தனை நாளாக இவ்வளவும் குத்திக்கொண்டுதான் இருந்ததுங்களா அம்மிணி?” என்றார். லென்ஸை மடக்கி உறைக்குள் தள்ளி என்னிடம் கொடுத்தார். “சரி, மூன்று கிலோ இருக்கிறது. சாக்குக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க.”